உப்பு தங்காத உடம்பு

பாய்லர் அறைக்குப் பின்பக்கச் சந்தில், அடுக்கி வைத்த உப்பு மூட்டைகளுக்கு நடுவில் அவள் நின்றிருந்தபோது யாரோ இருமும் சத்தம் கேட்டது. வாயில் கிடந்த கல் உப்பை நாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டு, எதையோ தவறவிட்டவள் போலச் சட்டென்று குனிந்தாள். குனிந்தது தப்பாகப் போயிற்று. நிமிரும்போது சுவரும் குழாயும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய்லர்காரர்தான். கையில் எண்ணெய்த் துணி.

"என்ன ரேடியோ, எதைத் தேடறே?"

"கம்மல் திருகாணி விழுந்துடுச்சு."

"காதுல ரெண்டும் இருக்கே."

"அப்போ கெடைச்சுடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. மூட்டையின் பிரிந்த வாயைப் பார்த்தார். அவள் உதட்டைப் பார்த்தார். "தெனமும் எலி ஒண்ணு வருது. இது சாப்பிடற உப்பு இல்லன்னு அந்த எலிகிட்டச் சொல்லிவை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடம். அங்கே வரும் தண்ணீர் உப்புச் சுவை இல்லாத, ஆனால் சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர். அப்படியே பாய்லரில் விட்டால் குழாயெல்லாம் ஓடு கட்டிப் போகும். அதனால் ஒரு தொட்டி வழியாக விட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தத் தொட்டியை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். மூட்டைகள் வந்தது அதற்குத்தான். அவற்றிலிருந்து ஒருத்தி திருடித் தின்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரேடியோ என்பது அவளுக்கு வீட்டிலும் வேலையிலும் விழுந்த ஒரே பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சலவைக்கு வந்தவள். துணி மடிக்கிறதில் தொடங்கி, சூடான உருளையில் ஈர விரிப்பை ஏற்றிவிடுகிற இடத்துக்கு உயர்ந்திருந்தாள். அந்தப் பக்கம் விரிப்பு மொடமொடவென்று காய்ந்து வரும்போது வாங்கி மடிப்பவளை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். உருளையும் உலர்த்தியும் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் ரேடியோ பேசினால் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கும். எந்த அறைக்காரர் தலைக்குச் சாயம் அடிக்கிறார், எந்தப் புதுமணத் தம்பதி சண்டை போட்டுத் தனித்தனிப் படுக்கையில் தூங்கியது என்று துணியைப் பார்த்தே ஒலிபரப்புவாள். துணி ஏற்றிப்போகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன், "உன்னைக் கட்டிக்கிட்டா வண்டிக்கு ரேடியோ வாங்கற செலவு மிச்சம்" என்று கேட்டான். கட்டிக்கொண்டான். பெயரும் அன்றைக்கு ஒட்டியதுதான்.

இப்போது அந்தக் கணவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவரும் அவளும், அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவும் மட்டும்தான். தாய் போன பிறகு தம்பிக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர் அந்த அக்கா. தையல் மெஷினும் சமையலறையும் அவர் ராஜ்யம். ரேடியோ அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். எல்லாரிடமும் வாயடிக்கிற ரேடியோ, அண்ணி முன்னால் மட்டும் ஒலியைக் குறைத்துக்கொள்வாள்.

சனியன் பிடித்தது போன வருஷத்தில். வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பள்ளி நடத்திய பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் எகிறி நின்றது. "மாத்திரை போடுங்க, உப்பை விடுங்க. அடுத்த பரிசோதனையிலயும் இப்படியே இருந்தா சாவியை வாங்கிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணி அன்றைக்கே உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். "அவனுக்குத் தனியா ஒரு சட்டி, நமக்குத் தனியா ஒரு சட்டின்னு வெச்சா, அவன் நம்ம சட்டியிலதான் கையை விடுவான். எனக்குத் தெரியாதா என் தம்பியை? இந்த வீட்டுல ஒரே உலை. மூணு பேருக்கும் உப்பு கெடையாது." ரேடியோவும் அண்ணி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வாழைப்பழமும் ஆரஞ்சுச் சாறும் அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அதுவும் மூன்று பேருக்கும் வேளை தவறாமல் வந்தது.

முதலில் எல்லாருக்குமே சோறு மண் மாதிரி இருந்தது. அப்புறம் அவர்கள் இருவருக்கும் பழகிவிட்டது. இவளுக்குப் பழகவில்லை. பழகாதது மட்டுமல்ல, ஒரு வெறி வந்தது. உருளைக்கு முன்னால் வியர்வை வழிந்து உதட்டில் இறங்கும்போது நாக்கு தானாக வெளியே வந்து நக்கிற்று. ஓட்டல் மேசை விரிப்புகள் வந்தால் மடிப்பில் சிந்திக் கிடக்கும் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் பாய்லர் பக்கம் போனவள் மூட்டையைக் கண்டாள். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

உடம்பு மெலிந்தது. "என்னடி, அழகாயிட்டே வர்றே? எங்களுக்கும் சொல்லிக் குடு" என்று மடிப்பக்கா முதலில் பொறாமைப்பட்டாள். பிறகு அவளே, "போதும்டி, கன்னம் ஒட்டிப் போச்சு" என்றாள். நிறமும் கறுத்தது. வெயிலே படாத அடித்தளத்தில் வேலை செய்கிறவளுக்கு முழங்கையும் விரல் முட்டியும் அடுப்புக்கரி தேய்த்த மாதிரி ஆயின. உள்ளங்கை ரேகைகளில் மை ஓடிற்று. ஆவியில் நிற்கிறாள், வெந்துபோகிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். காலையில் எழுந்தால் குமட்டல். உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றல். ஏறுகிற படி ஒவ்வொன்றும் மலையாகப் பட்டது. பேச்சும் குறைந்தது. "பாட்டரி தீர்ந்துபோச்சா?" என்று கூடத்தில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெம்பில்லாமல் சிரித்து வைத்தாள்.

மருத்துவரிடம் போகலாம் என்று தோன்றாமல் இல்லை. போனால், "என்ன சாப்பிடறே?" என்று கேட்பார்கள். உப்பு தின்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மண் தின்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூன்று பேரும் உப்பை விட்டும் கணவருடைய அழுத்தம் இறங்கவில்லை. மருந்துக்கடையில் அளந்து பார்க்கிறபோதெல்லாம் முள் மேலேயே நின்றது. பரிசோதனையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணி சமையலறையில் வேவு பார்க்க ஆரம்பித்திருந்தார்.

மாட்டிக்கொண்டது அவளுடைய வேலை அங்கியால். துவைக்கப் போட்ட அங்கியின் பையில் அண்ணி கையை விட, உப்புக் கல் ஒரு பிடி வந்தது.

அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது உப்பு சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு தட்டில் இருந்தது. அண்ணி நின்றுகொண்டிருந்தார். கணவர் உட்கார்ந்திருந்தார். யாரும் விளக்கைப் போடவில்லை, சாயங்கால வெளிச்சம் போதும்போல இருந்தது.

"இது என்ன?" என்றார் அண்ணி.

"உப்பு."

"அது தெரியுது. நான் குருடி இல்ல. யாருக்குக் கொண்டு வந்தே?"

"எனக்குத்தான்."

"நாங்க உப்புச்சப்பில்லாமக் கொதிக்க வெச்சுத் திங்கறோம். அவனுக்குப் ப்ரஷர் மட்டும் இறங்க மாட்டேங்குது. ஏன் இறங்கலன்னு நான் மண்டையை உடைச்சுக்கறேன். இப்பத்தானே தெரியுது."

"அண்ணி, நான் அவருக்குப் போடல. சத்தியமாப் போடல."

"சத்தியமா? நீ பண்ணின சத்தியம்தான் தட்டுல கெடக்கே!"

ரேடியோ கணவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டதில்லை அவர். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "சோத்துல ஏதாவது கலந்தியா? பாவம்னு நெனச்சு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. கேட்டுவிட்டு அவர் உடனே எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

"எனக்கு வேணும்போல இருக்கு அண்ணி" என்றாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "ஏன்னு தெரியல. அது இல்லாம இருக்க முடியல. காலையில எழுந்தா குமட்டுது. நிக்க முடியல."

அண்ணியின் முகம் மாறியது. "குமட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டார். "நாள் தள்ளிப்போச்சா?"

"ரொம்ப நாளாவே சரியா வர்றதில்ல."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார். நாற்பதைத் தாண்டியவளுக்கு இனிமேல் என்ன என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் குளியலறைக்குள் அண்ணி வாங்கிவந்த கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவுக்கு வெளியே அண்ணி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு கோடுதான் வந்தது. இரண்டாவது கோட்டுக்காக அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வந்து தலையை ஆட்டினாள். அண்ணி போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் எதையும் தைக்கவில்லை. சக்கரத்தை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணி ஒரு டப்பாவை அவள் கையில் வைத்தார். "கடைக்காரன் குடுத்தான். ப்ரஷர் இருக்கறவங்களே சாப்பிடலாமாம், மாத்து உப்பு. நாக்கு கேக்கறப்ப இதைப் போட்டுக்கோ. அந்த மூட்டை உப்பைத் தொட்டே, அப்புறம் நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

திட்டினவரே இரங்கி ஒன்று வாங்கிக்கொடுத்திருக்கிறார். ரேடியோவுக்கு அது போதுமாக இருந்தது. இந்தத் தடவை யார் கையிலும் அடிக்காமல், மனசுக்குள் சத்தியம் செய்தாள். இனி பாய்லர் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். அவருக்குப் பரிசோதனை முடிகிற வரைக்குமாவது. அவர் சாவி போனால் அந்தப் பழி தன் மேல்தான் விழும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

டப்பா உப்பு முதலில் கரித்தது, முடிவில் கசந்தது. கைநிறையக் கொட்டிக்கொண்டாலும் ஆசை அடங்கவில்லை. தாகமாக இருக்கிறவனுக்குத் தண்ணீர்ப் படத்தைக் காட்டின கதைதான். அடங்கவில்லையே என்று இன்னும் கொட்டிக்கொண்டாள். கால்கள் கனத்தன. சில சமயம் நெஞ்சில் ஒரு துடிப்புத் தவறி, ஒரு கணம் உள்ளே எதுவும் இல்லாததுபோல் இருந்தது.

அந்த வாரம் சலவைக்கூடத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. இவளுக்கும் வந்தது. மற்றவர்கள் ஒரு நாள் படுத்து எழுந்து வந்தார்கள். இவள் படுக்காமலே வந்தாள். பெரிய கூட்டம் ஒன்று காலி செய்துவிட்டுப் போயிருந்தது, விரிப்புகள் மலைபோல் கிடந்தன. உருளையில் ஒரு விரிப்பை ஏற்றினாள். இன்னொன்றை உதறினாள். கை மேலே போனது, திரும்பி வரவில்லை. வெள்ளைத் துணி முகத்தில் விழுந்தது.

"மெஷினை நிறுத்துங்கடா!" என்று மடிப்பக்கா கத்தியதுதான் அவளுக்குக் கடைசியாக உரக்கக் கேட்டது. பாய்லர்காரர் ஓடிவந்து அவளைத் துணித் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டார். அழுக்கு விரிப்புகளின் மேல் கிடந்தபடி அவள் சரக்கு லிஃப்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு ஒரு விநோதமான நிலைமை. கண்ணைத் திறக்க முடியவில்லை, நாக்கு அசையவில்லை. ஆனால் காது மட்டும் விழித்திருந்தது. பேசிப் பேசியே வாழ்ந்தவள், கேட்க மட்டும் முடிந்தவளாகக் கிடந்தாள்.

"பேதியில தண்ணி வத்திப்போயிருக்கு. பாட்டில் போடுங்க" என்றது ஓர் இளம் குரல். கையில் ஊசி ஏறியது. கொஞ்சம் கழித்து அதே குரல், "ப்ரஷர் ஏறவே மாட்டேங்குதே" என்றது. முன்பிருந்த நிதானம் அதில் இல்லை. யாரோ மார்பில் குளிர்ந்த பட்டைகளை ஒட்டினார்கள். காகிதம் கரகரவென்று ஓடியது. "டாக்டரம்மாவைக் கூப்பிடு. சீக்கிரம்."

டாக்டரம்மாவின் காலடி வேகமாக வந்து நின்றது. காகிதத்தைக் கையில் எடுக்கிற சத்தம்.

"இதயத் துடிப்பு சரியில்ல. பேதி மட்டும்னு இதைச் சொல்ல முடியாது" என்றார் அவர். "வீட்டுக்காரங்க யாரு? வாங்க இங்க. உண்மையைச் சொல்லுங்க. எதையாவது குடிச்சாங்களா? பூச்சிமருந்து, மாத்திரை, வேற ஏதாவது?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல" என்றார் கணவர்.

"வீட்டுல சண்டையா?"

யாரும் பேசவில்லை. ரேடியோவுக்கு உள்ளே பதறியது. உப்புன்னு சொல்லுங்க, உப்புன்னு சொல்லுங்களேன். நாக்கைத் தூக்கப் பார்த்தாள். அது வேறு யாருடைய நாக்கோபோலக் கிடந்தது.

"அம்மா, எனக்கு நேரமில்ல. இந்த உடம்பு இன்னும் ரொம்ப நேரம் தாங்காது. சாப்பாடு என்ன குடுத்தீங்க?"

இப்போது அண்ணியின் குரல் வந்தது. நடுங்கினாலும் அதில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. "நாங்க சுத்தமாத்தான் சமைக்கறோம் டாக்டரம்மா. எண்ணெய் கம்மி. பழம் நெறைய. ஒரு வருஷமா எங்க வீட்டுல உப்பே கெடையாது."

"ஒரு வருஷமாவா? யாருக்குமா?"

"என் தம்பிக்குப் ப்ரஷர். அதனால எல்லாரும் விட்டோம். இவதான்..." அண்ணி நிறுத்தினார். குடும்ப மானம் தொண்டையில் சிக்கிக்கொண்டது ரேடியோவுக்குக் கேட்டது. பக்கத்தில் கணவர் இருந்தார். மூச்சு கேட்டது, பேச்சு வரவில்லை.

"இவதான்? சொல்லுங்க!"

"இவ உப்பு திருடுவா டாக்டரம்மா!" என்று அண்ணி உடைந்தார். "வேலை செய்யற எடத்துல மூட்டையிலேருந்து அள்ளி, கல்லுக் கல்லா மென்னு தின்னுருக்கா. எலி மாதிரி. நான்தான் கண்டுபிடிச்சேன். திட்டினேன். நிறுத்தச் சொன்னேன். நிறுத்திட்டா."

கூண்டில் நிறுத்திக் குற்றம் சொல்வதுபோல் அண்ணி சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அறையில் எல்லாமே மாறியது. டாக்டரம்மா ரேடியோவின் கையை எடுத்து உள்ளங்கையை விரித்தார். கீழுதட்டை விரலால் இழுத்து ஈறைப் பார்த்தார்.

"எப்போலேருந்து இப்படிக் கறுத்துட்டு வர்றாங்க?"

"ஆவியில நிக்கறா இல்ல, அதனால..." என்று இழுத்தார் அண்ணி.

"ஆவி பட்டா கைரேகை கறுக்காது. வாய்க்குள்ள ஈறு கறுக்காது." குரல் திரும்பியது. "ரத்தம் எடு. கார்ட்டிசால் பாக்கணும்னு எழுது. முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காதே, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி இப்பவே போடு. சர்க்கரையும் சேர்த்து ஏத்து. நிறுத்தினப்புறம் வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

அண்ணி பையைத் துழாவினார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டியிருக்கும் என்று அந்த டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். "நல்ல உப்புதான் குடுத்தேன். கடையில கேட்டு வாங்கினது."

டாக்டரம்மா டப்பாவை வாங்கித் திருப்பிப் படித்தார். "இது பொட்டாசியம். இவங்க உடம்பால இதை வெளிய தள்ள முடியாது. இதயம் தடுமாறினது இதனாலதான். அதுக்கும் மருந்து ஏத்துங்க, உடனே."

அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. தையல் ஊசி விரலில் ஏறினால் வருமே, அது மாதிரி.

அதற்குப் பிறகு காதும் தூங்கிப்போயிற்று.

விழித்தபோது ஜன்னலில் நல்ல வெயில். கால் தன்னுடைய காலாக இருந்தது. பசித்தது. அவள் பசித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

டாக்டரம்மா வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார். எதிரில் அண்ணியும் அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றார்கள்.

"சிறுநீரகம் ரெண்டுக்கும் மேல தொப்பி வெச்ச மாதிரி ஒவ்வொரு சின்னச் சுரப்பி இருக்கு" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "அட்ரினல்னு பேரு. அதுலேருந்து வர்ற ஒரு ஹார்மோன் உப்பை உடம்புலேயே பிடிச்சு வெக்கும், வேண்டாத பொட்டாசியத்தை வெளிய அனுப்பும். இன்னொண்ணு கார்ட்டிசால், அது காய்ச்சல், அடி, பட்டினின்னு எது வந்தாலும் உடம்பு தாக்குப்பிடிக்கறதுக்கு. சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா, நல்ல சுரப்பி என்ன பண்ணும்? அந்த உப்பு ஹார்மோனைக் கூடுதலாச் சுரந்து, இருக்கற உப்பை இறுக்கிப் பிடிச்சுக்கும். அதனாலதான் நீங்க உப்பில்லாமச் சாப்பிட்டும் நடமாடறீங்கம்மா. இவங்க சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டு வந்திருக்கு. சுரக்க வழியில்ல. தின்ன உப்பெல்லாம் சிறுநீர்ல போயிடுச்சு. அந்த மூட்டை உப்புதான் இவங்களை இவ்வளவு நாள் நிக்க வெச்சிருக்கு."

"கறுத்துப்போனது?" என்றாள் ரேடியோ. குரல் கரகரத்தாலும் வந்தது.

"மூளைக்குக் கீழ ஒரு மேஸ்திரிச் சுரப்பி இருக்கு. வேலை நடக்கலன்னு அது ஹார்மோனை அனுப்பி அனுப்பிச் சத்தம் போடும். சுரப்பி காதுல விழாது. அந்தச் சத்தம் தோல்ல போய்ப் படும். கறுப்பு அதனாலதான்."

"எங்க மேற்பார்வையாளர் மாதிரி. கத்தறது ஒருத்தரை, வாங்கிக்கறது இன்னொருத்தர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விரலை நீட்டினார். "தெனமும் மாத்திரை. ஆயுசுக்கும். ஒரு வேளைகூட விடக் கூடாது. காய்ச்சலோ பேதியோ வந்தா அளவைக் கூட்டணும், வாந்தியில மாத்திரை தங்கலன்னா ஓடி வந்துடணும். உப்பு தாராளமாச் சேர்த்துக்கணும். விட்டா என்ன ஆகும்னு நேத்து பாத்தீங்க."

டாக்டரம்மா போன பிறகு அறையில் மூன்று பேர் மட்டும். அண்ணி ரேடியோவின் காலடியில் உட்கார்ந்து போர்வையை நீவிவிட்டார். ஏற்கெனவே நேராக இருந்த போர்வை அது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்டி குடுத்தேன்."

"தெரியும் அண்ணி. நீங்க திருடின்னு சொன்னதுதான் என்னைக் காப்பாத்துச்சு. இன்னும் நாலு பேர்கிட்டச் சொல்லுங்க."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினார். "பாத்தியாடா, பாவி நான். அவ உனக்குப் போட்டுட்டான்னு பழி சொன்னேன். அவ போடல. நீயும் வாயைக் கட்டித்தான் இருந்தே. பின்ன ஏன்டா உனக்கு இறங்கல? உனக்கும் ஏதாவது சுரப்பி கிரப்பி இருக்கான்னு கேக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தரையைப் பார்த்தார். கடைசியில் வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல் போயிற்று.

"நான் வாயைக் கட்டலக்கா."

"என்னது?"

"வேன்ல பசங்க சிப்ஸ் பாக்கெட்டைப் பாதி தின்னுட்டு விட்டுட்டுப் போவாங்க. சீட்டுக்கடியில தெனமும் கெடக்கும். எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, வண்டியைக் கூட்டறதுக்கு முன்னாடி..." அவர் கை வாய்ப்பக்கம் போய் வந்தது. "முதல் நாள்லேருந்தே. பாக்கெட்டை வழிச்சு நக்கற அளவுக்கு."

அண்ணியின் கை முந்தானையை விட்டது. "அன்னிக்கு அவளைப் பாத்து, சோத்துல கலந்தியான்னு கேட்டியே?"

"கேட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி எழுந்தார். தம்பியைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவர், அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு அந்தப் பரிசோதனை டாக்டர்கிட்டப் போய் இதை உன் வாயால சொல்லு. சாவி போனா போகட்டும். அந்த வண்டியில இருக்கறது ஊரார் பெத்த பிள்ளைங்க" என்றார். பிறகு ரேடியோவிடம், "சூப்பு வாங்கிட்டு வரேன். உப்பு போட்ட சூப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. ரேடியோ அவரைப் பார்த்தாள். அன்றைக்கு மேசையில் அந்த உப்புத் தட்டுக்கு முன்னால் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் முகம் கழுவப் போனார். நேற்றும் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா நின்றார். கேட்க மட்டும் முடிந்த அந்த நேரத்தில் அவர் பேசாததைத்தான் அவள் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டிருந்தாள்.

கூடத்தில் உருளை, உலர்த்தி இரண்டின் சத்தத்தையும் மீறிப் பேசுகிறவள் பேசாமல் இருப்பது அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஏதாவது சொல்லேன்" என்றார். "திட்டிடேன். மனசுல வெச்சுக்காதே. இப்பவே திட்டிடு."

ரேடியோ தலையணையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடினாள்.

"இப்ப முடியாது" என்றாள். "உங்களைத் திட்டி முடிக்க நெறையத் தெம்பு வேணும். முதல்ல ரெண்டு கிண்ணம் சூப்பு உள்ள போகட்டும்."